பட்டி பார்த்த இடம்

அப்பளம் நொறுங்குகிற சத்தம் என்றுதான் ஞானசிகாமணி முதலில் நினைத்தார். அடுப்படியில் மனைவி வயலட் பொரித்து வைத்தது கைபட்டு நொறுங்கியிருக்கும் என்று நினைத்தார். காலை பத்தரை மணிக்கு எந்த வீட்டில் அப்பளம் பொரிப்பார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் உதட்டின் மேல் பொடிப்பொடியாக என்னவோ உதிர்ந்து, நாக்கு தானாக வெளியே வந்து தொட்டுப் பார்த்து, துரு என்று சொல்லிவிட்டது. இரும்பு ருசி, அதோடு கொஞ்சம் உப்பு. தூத்துக்குடியில் துருவுக்குக்கூட உப்புப் போட்டுத்தான் பரிமாறுவார்கள் என்று அவரே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார், இப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சட்டையின் மூன்றாவது பொத்தானை மேலிருந்து ஏதோ தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அது தொடவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப் அது, அதை அவருக்குத் தெரியும், போன மாதம்தான் கிரீஸ் தடவினார். கிளிப் கீழே வராது. கார்தான் வந்திருக்கிறது. ஒரு விரற்கடை, மிஞ்சிப்போனால் ஒன்றரை விரற்கடை. முழங்கால் வரை வெளியே நீட்டிக்கொண்டு, மீதி உடம்பு முழுக்க மோரிஸ் மைனரின் வயிற்றுக்கு அடியில், சாக்கு விரித்த சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடக்கிறார். இடது பின்சக்கரத்தை அவரே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஜாக்கி. ஜாக்கி புத்தம் புதிது, எண்ணெய் கசியாது, ஒரு லாரியையே தூக்கும். ஜாக்கி முட்டுக்கொடுத்திருக்கும் இடம்தான் நொறுங்குகிறது.

ஜாக்கியை நம்பிக் கீழே போகாதே. முப்பத்தோரு வருடம் டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும் அவர் சொன்ன வார்த்தை இது. அரசாங்கத் தாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றிருக்கும், ஊருக்கு பிரேக் இன்ஸ்பெக்டர். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்த மனிதர், தன் சொந்த ஷெட்டில் ஸ்டாண்டு இல்லாமல் படுத்துக் கிடக்கிறார். ஸ்டாண்டுகள் இருக்கின்றன, நல்ல கனமான ஸ்டாண்டுகள், பின்னால் ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. ஸ்டோர் ரூம் சாவி அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வயலட் நிற்கிறாள். வயலட்டோடு அவர் பேசி மூன்று நாள் ஆகிறது. அவளைத் தாண்டிப் போய்க் கையை உயர்த்திச் சாவி எடுத்தால் அவள் எதற்கு என்று கேட்பாள், அல்லது கேட்காமல் பார்ப்பாள், இரண்டில் எது மோசம் என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. ரெண்டே நிமிஷம், பார்த்துவிட்டு வந்துவிடுவோம், அதற்கு என்னத்துக்கு ஸ்டாண்டு என்று நினைத்தார். ரெண்டே நிமிஷம் சார், இதைத்தான் அந்தக் கிளீனர்களும் சொல்வார்கள். அறுபத்தாறு வயசு மனுஷனுக்கு வீம்பு வரலாம், அது யாருக்கும் வருவதுதான், ஆனால் ஒன்றே கால் அங்குல இரும்புக் குழாயில் செய்த ஸ்டாண்டைவிட வீம்பு பெரிதாகப் போய்விட்டது என்பதை நினைக்கும்போது அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் நெஞ்சு ஏறும், நெஞ்சு ஏறினால் கிளிப் அழுத்தும். மெதுவாக. மெதுவாக விடு. கிளிப் பொத்தானிலிருந்து நூலளவு விலகியது, அடுத்த மூச்சில் திரும்ப வந்து தொட்டது.

நகர்ந்து வெளியே போய்விடலாம். குதிகாலை ஊன்றி, முதுகைத் தேய்த்து, இழுத்து இழுத்து. ஆனால் இழுக்கும்போது நெஞ்சோ தோளோ மேலே இடித்தால்? இடித்துக் கார் ஆடினால்? ஜாக்கியின் தலை இப்போது எதில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், அதுதான் கொடுமை, தெரியாதவனாக இருந்தால் இந்நேரம் நெளிந்து வெளியே போயிருப்பான், பிழைத்தும் இருப்பான். அல்லது செத்திருப்பான். இடது பக்க ஓரப்பெட்டி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பாகம், அதன் அடித்தகட்டில் ஒரு சாண் அளவுக்கு இரும்பே கிடையாது. இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் இந்த வண்டியை ஓர் எஸ்டேட் டாக்டரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது சுத்தியலால் தட்டினால் டங் என்று பேசும். மலைக்குளிரில் இருந்த வண்டி. இங்கே கொண்டுவந்து உப்பளக் காற்றில் நிறுத்தியது இவர். குறை வைக்கவில்லை, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவார், கதவின் கீழே தண்ணீர் வடிகிற ஓட்டைகளை விளக்குமாற்றுக் குச்சியால் குத்திவிடுவார், மழை பெய்தால் உள்ளே விரித்த கார்ப்பெட்டைத் தூக்கி வெயிலில் போடுவார், கழிவு ஆயிலைப் பிரஷ்ஷில் எடுத்து மூலைமுடுக்கெல்லாம் பூசுவார். வயலட் அதைப் பார்த்து, எனக்குத் தலைக்கு எண்ணெய் வச்சுவிட்டதுண்டா இந்த மனுஷன் என்று ஒருமுறை சொன்னாள். இத்தனைக்கும் பிறகு துரு வந்தது. வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வந்தது, ஓரப்பெட்டிக்குள்ளே என்றைக்கோ தேங்கிய ஈரத்திலிருந்து வந்தது. பெயிண்டில் ஓர் உப்பல், பயறு அளவு. அதை முதலில் பார்த்ததும் வயலட்தான். இங்க ஊதிக்கிட்டு இருக்கே என்றாள், விரலை வைத்து அமுக்கினாள், விரல் உள்ளே போயிற்று.

போயிற்று. அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஊரில் சுத்தியல் பிடித்த எவனுக்கும் தெரியும். கம்பிப் பிரஷ் போட்டு, உப்புத்தாள் போட்டு, துரு தின்னும் மருந்தைத் தடவி, நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அழுகிய தகட்டை அதுவரை வெட்டி வீசிவிட்டு, புதுத்தகடு வைத்து வெல்டு அடித்து, சிவப்பு பிரைமர் போட்டு, உள்ளே மெழுகு பாய்ச்ச வேண்டும். அதற்கு வண்டியை டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தப் பட்டறைக்கு? ஊரில் இருக்கிற ஒவ்வொரு டிங்கரும் ஒருகாலத்தில் இவர் முன்னால் கைகட்டி நின்றவன். இவர் சின்னச் சுத்தியலால் பஸ்ஸின் அடியில் தட்டிக்கொண்டே போவார், டங், டங், டங், ஓரிடத்தில் தொப் என்று கேட்கும், அங்கே ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு குத்து, பொலபொலவென்று பட்டி கொட்டும். பட்டி என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை, ஓட்டையிலும் பள்ளத்திலும் மாவு மாதிரி அப்பித் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்தால் தகடு போலவே இருக்கும். ஒடுக்கு எடுத்த கதவில் பட்டி பார்க்கலாம், அழகுக்கு. பாரம் தாங்குகிற இடத்தில் பட்டி பார்ப்பவன் கொலைகாரன் என்று இவர் சொல்லியிருக்கிறார், சத்தமாக, பத்துப் பேர் கேட்க. அப்படிப்பட்டவர் வண்டியை அவர்கள் பட்டறையில் தூக்கி நிறுத்தி, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியே ஓட்டைடா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை நினைத்தாலே இவருக்குக் காது சுட்டது. ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபைபர் துணியை ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாளில் தேய்த்து, கருப்புத் தார் அடித்தார். வேலை பிரமாதமாக அமைந்துவிட்டது. அதுதான் வினை. ஓரிடத்தில் பிரமாதமாக வந்தபிறகு அடுத்த இடத்தில் கை நிற்குமா? இடது ஓரப்பெட்டி, வலது ஓரப்பெட்டி, டிரைவர் கால் வைக்கிற இடம். அப்புறம் பின்சீட்டுக்குக் கீழே.

நற. இந்தமுறை அப்பளம் என்று நினைக்க இடமில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், மூடினால் பயம் இன்னும் பெரிதாக இருந்தது, திறந்தார். கிளிப் பொத்தானை விட்டு நகர்ந்து இப்போது நெஞ்செலும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வயலட்டைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டுமானால் மூச்சை இழுக்க வேண்டும், இழுக்க இடமில்லை. பாதி மூச்சில் பேசலாம், கத்த முடியாது. கால் வெளியே இருக்கிறது, காலால் தரையைத் தட்டலாம், தட்டினால் ஆடும். அடுப்படியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவுகிறாள். இருபது அடி இருக்குமா? பயமாக இருந்தது, சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரியான பயம். ஜெபம் பண்ணலாம் என்று நினைத்தார், கர்த்தாவே என்று தொடங்கினார், அதற்கு மேல் போகவில்லை, ஏனென்றால் கர்த்தர் கேட்கக்கூடிய முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக்குப் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி வரும். ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் காருக்கடியில் சிக்கிப் பலி. டிங்கர்கள் எல்லாரும் அடக்கத்துக்கு வருவார்கள், மரியாதை தெரிந்தவர்கள், மாலையோடு வருவார்கள். ஹாலில் இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒவ்வொருவனாக ஷெட்டுப் பக்கம் ஒதுங்கிக் குனிந்து பார்ப்பார்கள். உடைந்த இடத்தில் பட்டி வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கையிலிருக்கும் தூசியைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்து காபி குடிப்பார்கள். சாவை விட அந்தக் காபி இவருக்குக் கசந்தது. சீ, என்ன மனுஷன் நான், நெஞ்சின்மேல் காரை வைத்துக்கொண்டு மானத்தைப் பற்றி நினைக்கிறேன் என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே மறுபடியும் அதையே நினைத்தார்.

ஒரு ஸ்கூல் வேன் இருந்தது. மஞ்சள் வேன், டிரைவரே முதலாளி, நாற்பது வயசு இருக்கும், முதல்நாள்தான் பெயிண்ட் அடித்து எஃப்.சி. சான்றுக்குக் கொண்டுவந்திருந்தான், வாசனை போகவில்லை. இவர் தட்டிக்கொண்டே போனார், சீட்டுக்கடியில் தொப் என்றது. குத்தினார். ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் போயிற்று, மறுபக்கம் சூரிய வெளிச்சம் உள்ளே வந்தது. அந்த ஆள் அழுதான். சார், ஒரு மாசம் டைம் குடுங்க சார், வெட்டித் தகடு வச்சிருதேன் என்றான். பட்டிக்கு மேல ஊரான் பிள்ளைய உக்கார வைக்கதுக்கு உமக்கு மனசு எப்படி வே வந்துச்சு என்று இவர் கேட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் வயலட்டிடம் அதை இரண்டுமுறை சொல்லிக் காட்டினார், அவ்வளவு திருப்தி. இப்போது அந்த ஆளின் முகம் ஞாபகம் வரவில்லை. குரல் மட்டும் வந்தது, அதுவும் தன்னுடைய குரல். ஊரான் பிள்ளை. இவர் முகத்துக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் மோரிஸ்ஸின் பின்சீட்டுக்குக் கீழே உள்ள தரைத்தகடு, கருப்பாக, வழவழவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. இவர் கைவேலை. இதைப் பார்க்கத்தான் இன்றைக்கு அடியில் வந்தார். வந்து, படுத்து, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. தொப். அது அவருக்குத் தெரிந்த பதில்தான், மூன்று நாளாகத் தெரிந்த பதில், இருந்தாலும் போன வருஷத்தை விடச் சத்தம் இன்னும் மந்தமாக இருந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இடது பக்கம் நொறுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். சொந்த ஊர்க் கோயிலில், முப்பத்தைந்து கிலோமீட்டர். மகள் பியூலா மதுரையிலிருந்து இன்று மத்தியானம் கிளம்பி வருகிறாள். எட்டு மாசப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வண்டியில்தான் கோயிலுக்குப் போவேன், பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து போவேன் என்று போனில் சொல்லியிருக்கிறாள், மருமகன் ரூபன் ஓட்டுவானாம். வயலட் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில், அந்த வண்டி வேண்டாம், ஒரு டாக்ஸி சொல்லுங்க என்றாள். ஏன் என்று இவர் கேட்டார். எனக்கு என்னமோ மனசு சரியில்ல, அன்னைக்கு என் விரல் உள்ள போச்சே என்றாள். அதெல்லாம் சரிபண்ணியாச்சு என்றார் இவர். யார் சரிபண்ணுனா என்றாள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாமல்தான் இவர் குரலை உயர்த்தினார், ஆயிரம் வண்டி பார்த்தவனுக்கு நீ வண்டி சொல்லித் தரியா என்றார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதிலிருந்து பேச்சு இல்லை. மூன்று நாளும் இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, வண்டி வேண்டாம் என்ற ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும், காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இப்போதுதான் உட்காரப் பழகுகிறது. உட்கார வைத்தால் தொப்பென்று பக்கவாட்டில் சாயும், சாய்ந்துவிட்டுச் சிரிக்கும். நற, நற. இரண்டு.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. ரப்பர் செருப்பு தரையில் உரசிக்கொண்டு வருவது கேட்டது, ஷெட்டுப் பக்கமாகத்தான் வருகிறது. துணி காயப்போட வருகிறாளோ என்னவோ. செருப்பு அவர் காலுக்கு அருகில் வந்து நின்றது. மூன்று நாளாக அவள் இவரிடம் பேசுவதில்லை, சுவரிடமும் ஃபேனிடமும் பேசுவாள், அந்த வீட்டில் சண்டை என்றால் நாற்பது வருடமாக அதுதான் வழக்கம். இப்போதும் கொடிக்கயிற்றைப் பார்த்துத்தான் பேசியிருப்பாள்.

"இட்லி ஆறிப் போச்சு. சாப்பிடுதவுக வந்து சாப்பிடலாம்."

பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாத பேச்சு அது, இதற்கு இவர் பதில் சொன்னதும் கிடையாது. செருப்பு திரும்பியது. ஒரு அடி, இரண்டு அடி. கூப்பிட்டால் பிழைக்கலாம், கூப்பிட்டால் அவள் குனிந்து பார்ப்பாள், எப்படி இறங்கிச்சு என்று கேட்பாள், ஜாக்கி வச்ச இடம் என்னாச்சு என்று கேட்பாள். அந்த நேரத்திலும், கிளிப் நெஞ்சில் பதிந்திருக்கும் அந்த நேரத்திலும், கூப்பிடாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி அவர் யோசித்தார். அதைப் பிற்பாடு நினைத்து அவர் நடுங்கியது வேறு விஷயம். அந்த நொடி இருந்தது, உண்மை. அதற்குப் பிறகு கையளவு மூச்சில், யார் குரலோ போல, அவர் குரல் வந்தது.

"வயலட். போகாத."

செருப்பு நின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டதாலா, குரல் அப்படி இருந்ததாலா தெரியவில்லை, அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றித் தலையைச் சாய்த்து அடியில் பார்த்தாள். அவள் முகம் பக்கவாட்டில் தெரிந்தது, கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது. பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். கத்தவில்லை. அதற்காக அவளுக்கு வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று இவர் நினைத்தார். வண்டியைத் தொடாதே என்றார். தொடல என்றாள். யாரையும் கூப்பிடப் போகட்டுமா என்றாள், நேரமில்லை என்றார். சுவரோரம் சாய்த்திருக்கும் சக்கரம் இரண்டையும், கழற்றினதையும் ஸ்டெப்னியையும், உருட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இளைத்தது. அவள் எழுந்தாள், சக்கரம் தரையில் உருண்டு வருவது அவர் முதுகில் தெரிந்தது. அறுபத்தோரு வயசு, ஸ்கூல் லைப்ரரியில் புத்தகம் அடுக்கினவள், அந்தக் கனத்தைப் படுக்கப்போட்டுத் தள்ளினாள். மேலே இன்னொன்று. தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஓரப்பெட்டியைக் கையால் காட்டி, நடுவுல கதவுக்குக் கீழ தள்ளட்டுமா, அங்கதான் பக்கமா இருக்கு என்றாள்.

"வேண்டாம். அங்க இரும்பு கெடையாது."

"இரும்பு கெடையாதுன்னா?"

"பட்டி. அங்க பூரா பட்டிதான்."

அவள் இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் வைத்தபடி அப்படியே இருந்தாள். அவ்வளவு நேரம் இருக்கவேண்டியதில்லை, ஒரு நொடிதான் இருந்திருப்பாள், ஆனால் இவருக்கு அது போகவே மாட்டேன் என்றது. ஆக்ஸிலுக்குக் கீழே, சக்கரம் கழற்றின இடத்தில், பிரேக் டிரம்முக்கு ஒட்டி, உள்பக்கமா தள்ளு, அது உருக்கு, அதில் நான் கை வைக்கவில்லை என்றார். அவள் தள்ளினாள். இன்னும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. பெயிண்ட் டப்பா வைக்கிற பலகை ஒன்று கிடந்தது, அதை எடுத்து இடைவெளியில் செருகினாள், செருகிவிட்டுக் கையை எடுத்தாளோ இல்லையோ, இடது பக்கம் மொத்தமாக இற்றுப்போனது. இந்தமுறை நற இல்லை, ஒரு பெரிய தொப். ஜாக்கியின் தலை ஓரப்பெட்டிக்குள்ளே புகுந்துகொண்டது. வண்டி ஆக்ஸிலின் மேல் உட்கார்ந்து, டயர் இரண்டும் பிதுங்கி, ஸ்பிரிங் ஒருதரம் முனகி, நின்றது. இவர் மேல் வரவில்லை. கிளிப் அதற்கு மேல் அழுத்தாமல் நின்றுவிட்டது. முகமெல்லாம் பட்டிப் பொடி, வெள்ளையும் சிவப்பும், கண்ணுக்குள் எல்லாம். வெளிய வாங்க, வெளிய வாங்க என்று வயலட் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வரலாம், இப்போது தாராளமாக வரலாம், உடம்புதான் வரவில்லை. குதிகாலை ஊன்றினால் வழுக்கியது. கொஞ்சம் பொறு என்றார். அழுகை வந்தது, அழுதார். அவள் கணுக்காலை விடவில்லை.

வேறு எங்கெல்லாம் என்று அவள் கேட்டாள், கோபம் இல்லாமல், கடையில் விலை கேட்கிற குரலில். இவர் சொன்னார். வலது ஓரப்பெட்டி என்றார், டிரைவர் கால் வைக்கிற இடம் என்றார், கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பின்சீட்டுக்குக் கீழே என்றார். கணுக்காலைப் பிடித்திருந்த கை எடுபட்டது. அவள் எழுந்துகொள்வது கேட்டது, டூல்ஸ் பெட்டி மேல் இருந்த இவருடைய போனை எடுப்பது கேட்டது. மத்தியானம் கிளம்பிவிடுவார்கள், அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இவர் உடம்பெல்லாம் காதாகக் கிடந்தார். இப்போது சொல்லப் போகிறாள், என் விரல் உள்ளே போன வண்டி, உங்க அப்பா பட்டி பார்த்து மறைத்து வைத்த வண்டி என்று சொல்லப் போகிறாள், சொல்லட்டும், சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, என்னைச் சொல்ல விடாமல் அவளே சொல்லிவிட்டால் நல்லது.

"பியூலாவா? ஒண்ணுமில்ல ஏட்டி, ஞாயித்துக்கிழமைக்கு டாக்ஸி சொல்லிருவோம். வண்டியில பேட்டரி இறங்கிப் போச்சாம். ஆமா. அப்பா வச்சிருக்க வண்டியில வேற என்ன குறை இருக்கும்? பேட்டரி மாத்திட்டா சரியாயிரும். கிறிஸ்மசுக்குப் பிள்ளைய வச்சுக்கிட்டுப் போலாம்."

அவள் குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. சிரிக்கக்கூடச் சிரித்தாள். எங்கே தகடு முடிகிறது, எங்கே பட்டி தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத வேலை, அவர் வாழ்நாளில் இவ்வளவு நேர்த்தியாகப் பார்த்ததில்லை. புருஷன் மானத்தை அவள் நொடியில் மூடி, தேய்த்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டாள். ஒரு கணம் அவருக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று, அப்பாடா என்றிருந்தது. அப்புறம் கிறிஸ்மஸ் என்ற வார்த்தை உள்ளே இறங்கியது. கிறிஸ்மசுக்குப் பிள்ளைக்குப் பத்து மாசம் ஆகியிருக்கும், சாயாமல் உட்காரும், உட்கார்ந்து குதிக்கும். கார் நெஞ்சில் இருந்தபோது வந்த பயம் ஒன்றுமில்லை, இதுதான் பயம், தலைக்கு மேலே தெரிகிற அந்தக் கருப்பு வழவழப்பைப் பார்த்துக்கொண்டே அவர் நினைத்தார். குதிகாலை ஊன்றினார். இந்தமுறை வழுக்கவில்லை. முதுகு சாக்கில் உரசி எரிய, இடுப்பு வெளியே வந்து, நெஞ்சு வந்து, கடைசியில் தலை வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே கையை நீட்டினார்.

"போனைத் தா. எங்கிட்ட தா."

வயலட் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்றாள் கண்ணால், சொல்லாதீய என்று வாயை மட்டும் அசைத்தாள். இவர் கையை எடுக்கவில்லை. அவள் கொடுத்தாள். போன் காதில் சூடாக இருந்தது. பின்னால் பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, வார்த்தை இல்லாமல், உரக்க.

"பியூலா. பேட்டரி இல்லம்மா. பின்சீட்டுக்குக் கீழ தகடே கெடையாது, துருப்பிடிச்சுப் போச்சு. மேல பட்டி பாத்து மூடியிருக்கு. போன வருஷமே. அந்த வண்டியில நீயும் ஏறக் கூடாது, பிள்ளையையும் ஏத்தக் கூடாது."

அந்தப் பக்கம் பியூலாவுக்குக் கோபம் வந்தது, அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம், சின்ன வயதில் அப்பாவை எவராவது எதிர்த்துப் பேசினால் வருமே அதே கோபம். வயசாயிட்டுன்னு உங்களையே ஏமாத்துதானா, உங்க வண்டியிலேயே கை வைக்கிற தைரியம் எவனுக்கு வந்துச்சு, அவன் பேரச் சொல்லுங்க என்றாள்.

"யாருப்பா அது? எந்த டிங்கர்?"

"நான்தாம்மா" என்றார் ஞானசிகாமணி.